பாஸ்வேர்ட் இல்லாத வீடு

ஜூன் 3

டேய் திருப்புளி,

பேனா பிடிச்சு ரொம்ப நாளாச்சு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா சிரிக்காதே, உன்னோடது அதைவிட மோசம்னு எனக்குத் தெரியும். போன் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. அலமாரி மேல பச்சை விளக்கோட உக்காந்திருந்த வைஃபை பெட்டியும் இல்ல. எல்லாத்தையும் பிளாஸ்டிக் பைல போட்டு சீல் வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க சைபர் போலீஸ். ஒரு இன்ஸ்பெக்டரம்மா, கூட ரெண்டு பேர். மரியாதையாத்தான் பேசினாங்க. அந்த மரியாதையைப் பாத்துதான் எனக்குப் பயம் வந்தது.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு சாயங்காலம் இந்த ஊர் விமான நிலையத்துக்கு ஒரு மெயில் போயிருக்கு, மறுநாள் காலைல கிளம்பற விமானத்துல குண்டு இருக்குன்னு. விமானத்தை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, பெட்டி பெட்டியாத் திறந்து பாத்திருக்காங்க. ஒண்ணும் இல்ல. ஆனா மெயில் எங்கேருந்து வந்ததுன்னு தேடிக்கிட்டே போனா நம்ம வீட்டு இணைப்புல வந்து நிக்குதாம். இணைப்பு உன் பேர்ல இருக்கு. நீ விமானம் ரிப்பேர் பண்றவன்னு நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

வீடு இப்ப எப்படி இருக்குன்னு சொன்னா நம்ப மாட்ட. தண்ணிக்கு அடில உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. மேஜை மேல நான் கட்டிக்கிட்டிருந்த ஒரு மெழுகுப் பல்வரிசை கிடக்கு. முகமே தெரியாத யாரோ ஒருத்தரோட சிரிப்பு, பாதி முடிஞ்சிருக்கு. அதையே பாத்துக்கிட்டு மத்தியானம் பூரா உக்காந்திருந்தேன். காபி ஆறிப் போனது கூடத் தெரியல.

உன்கிட்ட யாராவது வந்தாங்களா? எழுது. கவலைப்படாதே, நான் நல்லவிதமாப் பேசித்தான் அனுப்பியிருக்கேன்.

அக்கா

&nbsp;

ஜூன் 9

அக்கா,

வந்தாங்க. நீ நல்லவிதமாப் பேசி அனுப்பின லட்சணத்தை என் முன்னாடியே படிச்சுக் காட்டினாங்க. "இந்த இணைப்பை நானும் என் தம்பியும் தவிர வேற யாரும் தொட்டது கிடையாது." கீழ உன் கையெழுத்து, சுழிச்சு சுழிச்சு, அழகா.

கொஞ்சம் யோசிச்சுப் பாரு. ரெண்டே பேர். ஒருத்தி பல்செட் கட்டறவ, விமானத்தை வானத்துல தான் பாத்திருக்கா. இன்னொருத்தன் விமானத்துக்குள்ளயே குடியிருக்கறவன். யாரைப் பிடிப்பாங்க? உன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா இங்கேருந்தே சரி பண்ணலாம்னு நம்ம வீட்டு லைனுக்குள்ள நுழைய நான் ஒரு வழி வச்சிருந்தேனே, அதையும் கண்டுபிடிச்சுட்டாங்க. அது வழியா நுழைஞ்சு நான்தான் மெயில் போட்டேனாம். லீவு குடுக்கலைன்னு மேலதிகாரியோட போன மாசம் சண்டை போட்டதையும் சேத்து முடிச்சுப் போட்டாச்சு. நல்லாத்தான் முடிச்சிருக்காங்க, எனக்கே ஒரு நிமிஷம் நான்தானோன்னு சந்தேகம் வந்துடுச்சு.

கழுத்துல தொங்கற பாஸை வாங்கிட்டாங்க. போனும் போச்சு. பாஸ் இல்லாம, விமானம் ரிப்பேர் பண்ற ஹேங்கர் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது. ஜூலை அஞ்சாம் தேதி விசாரணைக் கமிட்டி. அதுக்குள்ள என் பேர் தெளியலைன்னா பாஸ் அடியோட ரத்து. அப்படி ஆனா எந்த ஊர் விமான நிலையத்துலயும் ஒரு நட்டைக் கூட நான் தொட முடியாது. எனக்கு வேற என்ன தெரியும்?

யார் போனாவது வாங்கி உன் பக்கத்து வீட்டுக்குப் பேசலாம்னு பாத்தேன். என்னைக் கண்டதும் எல்லாரும் போனைப் பைக்குள்ள போட்டுக்கறாங்க. அதனாலதான் தபால்.

ஒரே ஒரு கேள்வி. சுத்தி வளைக்காம பதில் எழுது. நான் வச்ச பாஸ்வேர்ட் இருந்ததா, இல்லையா?

தம்பி

&nbsp;

ஜூன் 15

தங்கத் தம்பி,

இல்ல. பாஸ்வேர்ட் இல்ல. நீ போன கொஞ்ச மாசத்துலயே எடுத்துட்டேன். இதை முதல்லயே எழுதிட்டா மிச்சத்தை நிதானமா எழுதலாம். பேப்பரைக் கசக்காம படி.

நம்ம பால்கனிக்கு நேர் கீழ பஸ் ஸ்டாப் வந்துட்டதுன்னு சொன்னேன் இல்ல? ஒரு நாள் கொட்டற மழைல ஒரு பொண்ணு மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினா. பரீட்சை ரிசல்ட் பாக்கணும், நெட் தீந்துடுச்சு அக்கான்னா. பாஸ்வேர்டைக் குடுத்தேன். வாசல்லயே நின்னு பாத்துட்டு, பாஸாயிட்டேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு குதிச்சா பாரு! இந்த வீட்டுல அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு. அப்புறம் அவ தோழிங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க. நீ வச்ச பாஸ்வேர்டை ஒப்பிச்சு ஒப்பிச்சு எனக்கு வாய் வலிச்சுது. நடுவுல ஒரு நட்சத்திரம், ஒரு கேள்விக்குறி. மனுஷன் வைக்கற பாஸ்வேர்டாடா அது? எடுத்தே விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் என் சாயங்காலம் எப்படி மாறிச்சுன்னு உனக்கு எப்படிச் சொல்றது. பல்லை உலைக்குள்ள வச்சா, அது வெந்து ஆறி வர்ற வரைக்கும் எனக்கு வேலை இல்ல. விளக்கைக் கூடப் போடாம ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பேன். கீழ பத்துப் பன்னெண்டு முகம், அவங்கவங்க கைல இருக்கற வெளிச்சத்துல நீலமா மிதக்கும். பஸ் வரும், பாதி முகம் அணைஞ்சு போகும். கொஞ்ச நேரத்துல வேற முகம் வந்து ஏத்திக்கும். யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க, ஆனா அத்தனை பேரும் என் லைன்லதான் இருக்காங்க. கண்ணை மூடினா எல்லாரும் நம்ம கூடத்துல வந்து உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். முழிச்சுக்கிட்டே கனவு காணறேன்னு எனக்கே தெரியும். நல்லா இருந்ததுடா.

வைஃபை பெட்டியோட பக்கத்தைத் திறந்தா யார் யார் போன் சேந்திருக்குன்னு பேர் தெரியும்னு நீதான் சொல்லிக் குடுத்த. அதைத் திறந்து வச்சுப்பேன். முக்கால்வாசி கம்பெனிப் பேர். சிலது மட்டும் அவங்களே வச்ச பேர், இங்கிலீஷ் எழுத்துல தமிழ். 'ஓசி ராஜா'. 'மாமியார் வேண்டாம்'. ஒரு மழை நாள்ல 'நனைஞ்ச செருப்பு'ன்னு ஒண்ணு வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கல. நம்ம வைஃபை பேரை 'படில ஒதுங்கிக்கோங்க'ன்னு மாத்தி வச்சேன். எட்டிப் பாத்தா நிஜமாவே நாலு பேர் நம்ம மாடிப்படில நிக்கறாங்க!

அப்படித்தான் 'அரைத்தூக்கம்'ங்கற போன் பேரோட ஒருத்தர் வந்தார். நான் வைஃபை பேரை மாத்தினா அவர் தன் போன் பேரை மாத்துவார். ஒரு நாளைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். 'காத்து நல்லாருக்கு'ன்னு அவர். 'ஜன்னல் திறந்தாச்சு'ன்னு நான். பேர் மாறினாலும் பக்கத்துல இருக்கற நம்பர் மாறாது, அதை வச்சு அவர்தான்னு தெரிஞ்சுப்பேன். ஒரு தடவை என் பிரிண்டர் தானா ஓடி ஒரு தாளைத் தள்ளிச்சு. ஒரு கட்டில் படம், கீழ 'நன்றி வீட்டுக்காரரே'. அதைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன்.

இதையெல்லாம் ஏன் போலீஸ்ல சொல்லலைன்னு கேப்ப. சித்தி கூடத்துல உக்காந்திருந்தாங்கடா. எதுக்கோ வந்தவங்க, போலீஸைப் பாத்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. அவங்க முன்னாடி, போறவன் வர்றவன் எல்லாம் என் லைன்லதான்னு எப்படிச் சொல்றது? தனியா இருக்கறவ நான். மறுநாளே சொந்தக்காரங்க வாய்ல அவலாயிடுவேன். "எங்க வீட்டுல வெளியாள் நிழல் கூட விழாது"ன்னு அம்மா சொல்லிச் சொல்லி வளத்தாங்களே, அந்தப் பேச்சு தானா வாய்ல வந்துடுச்சு. எழுதியும் குடுத்துட்டேன். குடும்பப் பேரைக் காப்பாத்தறதா நினைச்சேன். உன் தலைல கல்லைப் போடறேன்னு தெரியல.

அக்கா

&nbsp;

ஜூன் 21

அக்கா,

கசக்கினேன். அப்புறம் நீவி விட்டுத் திரும்பப் படிச்சேன்.

பிரிண்டர் தானா ஓடுமா? நீ பதில் சொல்லு, தானா ஓடுமா? ஒருத்தன் லைன் வழியாவே கூடத்தைத் தாண்டி, உன் அறைக்குள்ள வந்து, உன் மேஜைல தாளை வச்சுட்டுப் போயிருக்கான். நீ அதைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்க! பிரிண்டர் வரைக்கும் வந்தவனுக்கு பக்கத்துல இருக்கற கம்ப்யூட்டர் எவ்வளவு தூரம்? பல் கட்டிக்கிட்டவங்க பேர், விலாசம், வாய்க்குள்ள எடுத்த படம், எல்லாம் அதுலதானே இருக்கு. யாராவது பாத்தாங்களா, எடுத்தாங்களான்னு உனக்குத் தெரியுமா? தெரிய வழியே இல்ல.

உன் லைன்ல வர்றவன் என்ன பண்ணினாலும் வெளில தெரியறது நம்ம வீட்டு நம்பர்தான். அவன் ஒருத்தரை ஏமாத்தினாலும் நீதான், அசிங்கமான படம் பாத்தாலும் நீதான், குண்டு வைப்பேன்னு சொன்னாலும் நீதான். ஊருக்கெல்லாம் உன் சட்டையை மாட்டி அனுப்பியிருக்க. அதுலயும் சட்டை என்னோடது.

நான் பகல் பூரா குவார்ட்டர்ஸ்ல படுத்துக் கிடக்கேன். மேல ஒவ்வொண்ணாப் போகுது. சத்தத்தைக் கேட்டாலே எந்த இன்ஜின்னு தெரியும். நேத்து ஒண்ணு லேசா இருமிச்சு. எழுந்து ஓடிப் போய் யார்கிட்டயாவது சொல்லணும்னு கேட் வரைக்கும் போனேன். தினமும் எனக்கு வணக்கம் சொல்ற காவலாளி, "சார், தயவுசெஞ்சு"ன்னு கையை நீட்டித் தடுத்துட்டார். அவர் முகத்தைப் பாக்க முடியல எனக்கு.

இன்ஸ்பெக்டர்கிட்ட போ. பாஸ்வேர்ட் இல்லன்னு சொல்லு. பெட்டி அவங்ககிட்டதான் இருக்கு, எந்த நேரத்துல எந்த போன் சேந்திருந்ததுன்னு அதுலயே பதிவு இருக்கும். நீ வாயைத் திறந்தாத்தான் அதைத் தேடுவாங்க. சித்தி நாக்கு பெரிசா, என் பாஸ் பெரிசா?

தம்பி

&nbsp;

ஜூன் 26

டேய்,

உன் பாஸ்தான் பெரிசு. அதுல எனக்கு ரெண்டு மனசு இல்ல. ஆனா நேத்து ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். திட்டறதுன்னா திட்டு, முழுசாப் படிச்சுட்டுத் திட்டு.

சித்திக்குப் பயந்து திரும்பல. பொய் எழுதிக் குடுத்ததுக்கு உள்ள வச்சுடுவாங்களோன்னு கொஞ்சம் உதறல், அதுவும் இல்ல காரணம். உனக்கு நான் எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு.

மெயில் போன அந்த வாரம் அரைத்தூக்கம் பேரை மாத்திக்கிட்டே இருந்தார். முதல்ல 'அவ டிக்கெட் போட்டுட்டா'ன்னு வந்தது. எனக்குத் திக்குன்னு ஆச்சு. 'பேசிப் பாருங்க'ன்னு வைஃபைக்குப் பேர் வச்சேன். மறுநாள் 'பேசியாச்சு'ன்னு வந்தது. நான் வைஃபை பேரை அப்படியே விட்டு வச்சேன். அடுத்த நாள் சாயங்காலம், வெளிச்சம் சுவர்ல இருந்து மெதுவா இறங்கிக்கிட்டிருந்தது, உலை ஆறிக்கிட்டிருந்தது, 'நாளைக்கு அவ போறா'ன்னு வந்தது.

நான் 'போகவிடாதீங்க'ன்னு மாத்தினேன்.

அது கொஞ்ச நேரம் காத்துல நின்னது. கீழ இருந்த எல்லா முகமும் என் வைஃபை பேரைப் பாத்திருக்கும், ஒருத்தருக்கு மட்டும்தான் அது என்னன்னு புரிஞ்சிருக்கும். அப்புறம் அவர் போன் பட்டியலை விட்டுப் போயிடுச்சு. திரும்ப வரவே இல்ல. சண்டை தீந்துடுச்சு போல, சேந்து எங்கயோ உக்காந்து டீ குடிக்கறாங்கன்னு நான் பாட்டுக்கு சந்தோஷமா இருந்தேன், லூசு மாதிரி. இன்ஸ்பெக்டரம்மா மெயில் போன நாளைச் சொன்னப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. வேண்டாம், அவரா இருக்காதுன்னு மனசை அமுக்கி வச்சேன்.

நான் போய்ச் சொன்னா அவரைத் தூக்குவாங்க. தூண்டி விட்டவ நான். இதை எப்படிச் சொல்றதுன்னுதான் வாசல்ல நின்னேன்.

அக்கா

&nbsp;

ஜூன் 30

அக்கா,

கூரியர்ல அனுப்பறேன். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு.

நீ ஒரு வார்த்தை எழுதின. மெயில் எழுதினது அவன். ஒரு விமானத்தை இறக்கினா உள்ள என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுவாங்க. யாராவது மிதிபட்டுச் செத்திருந்தா?

முகம் தெரியாதவனுக்காக இவ்வளவு யோசிக்கற. எனக்கு முகம் இருக்கே அக்கா.

போ.

தம்பி

&nbsp;

ஜூலை 3

தம்பிக்கு,

போயிட்டேன். உன் கூரியர் கைல கிடைச்சதும் புடவையைக் கூட மாத்தாம கிளம்பிட்டேன், முழங்கை வரைக்கும் பிளாஸ்டர் மாவு. எல்லாத்தையும் சொன்னேன். பேர்களைச் சொன்னேன், பிரிண்டரைச் சொன்னேன், 'போகவிடாதீங்க'ன்னு வச்சதையும் சொன்னேன். இன்ஸ்பெக்டரம்மா எழுதறதை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க.

"ஏம்மா, வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு வெளியூர் போவீங்களா?"

"மாட்டேன்."

"அதே கதைதாம்மா இது. வாசல்ல நுழையறவன் உங்க சாமானைத் தூக்கிட்டுப் போவான். இதுல நுழையறவன் உங்க முகத்தை மாட்டிக்கிட்டுப் போவான். உங்க நேரம், உங்க தம்பி முகத்தை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்."

பெட்டில இருந்த பதிவை வச்சு, நம்பரை வச்சு, அடுத்த நாளே ஆளைப் பிடிச்சுட்டாங்க. அடையாளம் காட்டறதுக்கில்ல, அறிக்கைல கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டாங்க. அவர் பெஞ்சுல உக்காந்திருந்தார். மெத்தைக் கடைல தையல் வேலையாம். சட்டையெல்லாம் பஞ்சு. மனைவிக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, இவர் வேண்டாம்னிருக்கார், அவங்க கேக்கல. இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் கிடைச்சா பேசி மனசை மாத்திடலாம்னு அந்த மெயிலைப் போட்டிருக்கார். விமானம் நின்னதுக்கு அடுத்த நாளே அவங்க வேற விமானத்துல போயிட்டாங்க.

நான் யாருன்னு இன்ஸ்பெக்டரம்மா சொன்னதும் எழுந்து நின்னார். "வீட்டுக்காரரே"ன்னார். "உங்க தலைல விடியும்னு நான் நினைக்கவே இல்லைங்க."

எனக்கு வந்தது பாரு கோபம்! இரக்கமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் போனவ நான். "என் தம்பி சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேய்யா, உனக்கு என்ன கெடுதல் பண்ணினான் அவன்"னு கத்தினேன். ஸ்டேஷனே திரும்பிப் பாத்தது. அவர் அப்படியே உக்காந்துட்டார். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அழுதோம், எதிரும் புதிருமா, ஆளுக்கொரு பெஞ்சுல.

பொய் அறிக்கை குடுத்ததுக்கு என் மேலயும் தனியா ஒரு கேஸ் வரும்னு சொல்லிட்டாங்க. வரட்டும். எனக்கு வேலை குடுக்கற பெரிய பல் கிளினிக் இனிமே பல் அச்சு அனுப்ப மாட்டாங்களாம், அவங்க நோயாளிங்க விவரம் தெருவுல கிடந்த மாதிரிதானேன்னு கேட்டாங்க. நியாயம்தானே. சித்திக்கு நானே போய்ச் சொல்லிட்டேன். அதுலேருந்து பேச்சில்லை, அது ஒரு விதத்துல நிம்மதியா இருக்கு. கமிட்டிக்கு இன்ஸ்பெக்டரம்மாவே நேரா தகவல் அனுப்பறேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க.

அவங்க இன்னொண்ணும் கேட்டாங்க. "முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் மனைவி போறாங்க. போகவிடாதீங்கன்னு சொல்ற அளவுக்கு உங்களுக்கு என்னம்மா அதுல?" அந்தப் பதில் அவங்களுக்கு இல்ல. உனக்குச் சொல்றேன்.

நீ கிளம்பின அன்னிக்கு உலைல பல் இருக்கு, விட்டுட்டு ரயிலேத்தி விட வர முடியாதுன்னு சொன்னேன். உலைல ஒண்ணும் இல்லடா. காலி உலையைச் சூடு பண்ணிக்கிட்டு அது முன்னாடி உக்காந்திருந்தேன். எழுந்தா உன் பெட்டியைப் பிடுங்கி வச்சுப்பேன்னு பயம். அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல இருந்த ஒரே சத்தம் நீதான். போகாதேன்னு சொன்னா உன் வாழ்க்கைக்குக் குறுக்க நிக்கறதா ஆகும். அதனால வாயை மூடிக்கிட்டேன். அந்த வார்த்தை உள்ளயே கிடந்து கிடந்து, கடைசில எவனோ ஒருத்தனுக்குப் போய்ச் சேந்துடுச்சு.

அக்கா

&nbsp;

ஜூலை 12

அக்கா,

பாஸ் திரும்ப வந்துடுச்சு, போனும்தான். கமிட்டில அஞ்சு பேர் உக்காந்திருந்தாங்க, இன்ஸ்பெக்டரம்மா அனுப்பின தகவலைப் படிச்சாங்க, முடிஞ்சுது. ஒருத்தர் மட்டும், இனிமே வீட்டு இணைப்பை ஒழுங்கா வச்சுக்கோங்கன்னார். தலையை ஆட்டினேன், வேற என்ன பண்றது. காவலாளி பாஸை என் கழுத்துல அவரே மாட்டி விட்டார். ஹேங்கர்ல யாரும் எதுவும் கேக்கல. ஒருத்தன் மட்டும் ஸ்பேனரை நீட்டி, "பிடி, லீவு போதும்"ன்னான். வாங்கிக்கிட்டு நேரா இன்ஜின்கிட்ட போயிட்டேன்.

உன் கேஸுக்கு இங்க தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட பேசியிருக்கேன். தானா போய் உண்மையைச் சொன்னதால கண்டிச்சு விட்டுடுவாங்கன்னார். போற அன்னிக்கு அவர் சொல்றபடி பேசு, உன் சொந்தக் கவிதையெல்லாம் வேண்டாம். புது வைஃபை பெட்டி வந்ததும் என் போனுக்குக் கூப்பிடு. வெளியாளுங்களுக்குத் தனியா ஒரு லைன் பிரிச்சுக் குடுக்க வழி இருக்கு, ஆனா இப்போதைக்கு அதுவும் வேண்டாம். கதவைத் தட்டிக் கேட்டா உன் போனையே குடு, பக்கத்துல நின்னு பாத்துக்கோ. அந்தப் பொண்ணு மாதிரி யாராவது வந்தா பிஸ்கட் குடு. ஆளைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசு அக்கா. சித்தி என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

உன் கடிதத்தோட கடைசிப் பக்கத்தை நிறைய தடவை படிச்சேன். அன்னிக்கு நான் ரயில்ல உக்காந்து, அது கிளம்பற வரைக்கும் பிளாட்பாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். நான் போறதுல உனக்கு ஒண்ணுமே இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். இத்தனை நாளா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அதனாலதான் போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல.

நீ போகாதேன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம் அக்கா.

தம்பி